பைனஸ் பால் வாசம்

ஓட்டலில் எனக்கு என்ன வேலை என்று அம்மாவுக்குத் தெரியாது. துணி மடிக்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். கித்துல்கலவில் ஆற்றைப் பார்த்த மாதிரி இருக்கிற ஓட்டல் அது. படகு விட வருகிற வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் தோள் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று வருவார்கள். அவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்து விடுவதுதான் நிஜமான வேலை. அதைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் போய்ச் சொல்ல முடியுமா? மசாஜ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் தோட்டத்து ஆண்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். பெண்கள் அந்தச் சிரிப்பை அடுத்த லயம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். புருஷன் விட்டுப்போனவள் வேறு நான். எதற்கு வம்பு? துணி மடிக்கிறேன் என்றால் யாருக்கும் கேள்வியில்லை.

எண்ணெய்களைப் பற்றிச் சொல்லித் தருவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். பாடமெல்லாம் சிங்களத்தில்; எங்களை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தூக்கம் வராதவர்களுக்கு இது, களைப்புக்கு அது என்று ஒவ்வொரு போத்தலாகத் திறந்து முகரச் சொன்னார். கடைசியாகத் திறந்த போத்தலை என் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எழுந்து வெளியே ஓடிவிட்டேன்.

“என்ன நங்கி, இது பைனஸ்தானே? காட்டு வாசம், எவ்வளவு நல்லா இருக்கு!” என்றார் மிஸ்.

பைனஸ் மரத்தின் ஊசி இலையை ஆவியில் வேகவைத்து எடுக்கிற எண்ணெயாம். மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கலாம். இறுகிப்போன தசைக்குத் தேய்க்கலாம். மனசு பாரமாக இருப்பவர்களுக்கு மரங்களுக்கு நடுவே நிற்கிற மாதிரி லேசாக இருக்குமாம். ஆனால் அப்படியே தோலில் ஊற்றக்கூடாது, எரியும். வேறொரு எண்ணெயில் சில சொட்டு மட்டும் கலக்க வேண்டும். ஆஸ்துமாக்காரர்களிடம் கேட்காமல் போடவே கூடாது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இதைப் பூசிக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாகப் படுத்திருப்பான் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

விளங்காததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, மலை உச்சியில் பைனஸ் காடு. முன்பு யாரோ ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து மரங்களின் பட்டையைச் சீவி, சிரட்டை மாதிரி ஒன்றைக் கட்டி, வடிகிற பிசினை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மரங்கள் நிறுத்தவில்லை. சீவின இடத்தில் இன்னமும் வடிந்து வடிந்து கட்டியாகிக் கிடக்கும். ரப்பர் பால் என்று சொல்லிப் பழகிய வாய், இதையும் பைனஸ் பால் என்றே சொல்லும்.

சும்மா நாளில் அந்தப் பாலை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். ஒரு சாவு விழுந்தால்தான் சொந்தக்கார ஆண்கள் கத்தியும் தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். சுரண்டிக் கொண்டுவந்ததைத் தணல் சட்டியில் போட்டுப் பிணத்தின் தலைமாட்டில் வைப்பார்கள். பிணம் எடுக்கிற வரைக்கும் அந்தப் புகை அணையக்கூடாது. கடைச் சாம்பிராணி சாமிக்கு, பைனஸ் பால் பிணத்துக்கு. யார் தொடங்கியது, எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. புதைக்கிற இடமும் அந்தக் காட்டுக்குள்தான். தேயிலை நிற்கிற மண்ணைச் செத்தவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? ஆக, எங்கள் தோட்டத்தில் அந்த வாசத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் ஆட்கள் சாவை நேராகச் சொல்ல மாட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் செத்துப்போனபோது, “சேலைன் ஏத்தியிருக்கு, நாளைக்கு துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றுதான் அம்மாவிடம் சொன்னார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, தலையில் இருந்த கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டு அடுப்பில் யாரோ அவசரப்பட்டு, தணல் பிடிக்கிறதா பார்க்க, ஒரு துண்டு பாலைப் போட்டுவிட்டார்கள். புகை வந்தது. அம்மா கூடையோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். பிறகு பல வருஷம் அதையே சொல்லிக் காட்டுவாள்: “ஊரே பொய் சொல்லுச்சு. என் மூக்கு ஒண்ணுதான் உண்மைய சொன்னுச்சு.”

இப்படி ஒரு மனுஷிக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், வந்து கண்ணும் போய்விட்டது. அதன் பிறகு அவளுக்கு மூக்குத்தான் கண். யார் வந்தாலும் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள்.

எனக்கும் அந்த எண்ணெய் பழகிவிட்டது. வயிற்றுப்பாடு எந்த வாசத்தையும் பழக்கிவிடும். ஆனால் வீட்டுக்குப் போகிற நாளில் மட்டும் கவனமாக இருப்பேன். முதல் நாளே அதைத் தொடமாட்டேன், தேசிக்காய்ப் புளியை விட்டுக் கையைத் தேய்ப்பேன், தலைக்குக் குளிப்பேன். ஒரு மழைக்காலத்தில் ஓட்டலில் ஒரு பெரிய கூட்டம் வந்து தங்கியது. எல்லாருக்கும் தடிமன், மூக்கடைப்பு, எல்லாருக்கும் பைனஸ் எண்ணெய்தான் வேண்டும். லீவு கொடுத்ததே பெரிய காரியம் என்று, குளிக்காமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “அம்மா” என்று கையைப் பிடித்தேன். வழக்கம் போல என் கையைத் தூக்கி மூக்கில் வைத்தாள். பிறகு சூடு பட்ட மாதிரி விட்டுவிட்டாள்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகல. என்னம்மா நீங்க?”

“மறைக்காதடி. யாரு?”

அதற்குள் தம்பி பொண்டாட்டி அடுப்படியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். தம்பி இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறான். தீபாவளிக்கும் வெசாக்குக்கும் வருவான். அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவளும் என் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். “மதினி, யாரு வீட்டுக்கு போயிட்டு வாறீங்க?” என்று கேட்டபோதே அவள் முகம் வற்றிப்போனது.

அம்மா ஆளாளாக எண்ணத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு இருமல்காரர் வெளியே நாயைத் திட்டிக்கொண்டு இருக்கிறார், அவர் இல்லை. மருமகள் இங்கே நிற்கிறாள். மகள் இங்கே இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்விட்டு இப்போதுதான் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

“அப்ப என் மகன்தான்” என்றாள். “குழிக்குள்ள தண்ணி ஏறிடுச்சா?”

“ஐயோ, வாய கழுவுங்க! அவன் நல்லா இருக்கான்!”

“ஒங்க அப்பனும் நல்லாத்தான் இருந்தான். நாளைக்கு துண்டு வெட்டிடுவாங்கன்னுதான் சொன்னாங்க.”

இனிமேல் மறைத்து என்ன பிரயோசனம்? உண்மையை உடைத்தேன். துணி மடிக்கிற வேலை இல்லை என்றேன். எண்ணெய் தேய்த்து விடுகிற வேலை என்றேன். இது பைனஸ் எண்ணெய், வேறு நாட்டிலிருந்து வருகிறது, வருகிறவர்கள் விரும்பிக் கேட்டுப் பூசிக்கொள்கிறார்கள் என்றேன். தம்பி பொண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். மானம் போனால் போகட்டும், அம்மா நம்பினால் போதும் என்று இருந்தது எனக்கு.

அம்மா நம்பவில்லை. “பொணத்துக்கு போடுறத வெள்ளக்காரன் கேட்டு கேட்டு ஒடம்புல பூசிக்கிறானா? பொய் சொல்றதயாவது ஒழுங்கா சொல்லுடி” என்றாள்.

பையைக் கொட்டிப் போத்தலை எடுத்தேன். சின்னப் போத்தல், அடியில் மிச்சமிருந்ததை மிஸ் எனக்கே கொடுத்திருந்தார். மூடியைத் திறந்து அம்மாவின் மூக்கருகில் வைத்தேன். அறிவுகெட்ட வேலை. அந்தச் சின்ன அறை முழுக்கச் சாவு வீடாகிவிட்டது. “போத்தல்ல வேற புடிச்சு வச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு, அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அழவில்லை அவள். அழுதிருந்தால் பரவாயில்லை. ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. காலையில் ரொட்டியும் வேண்டாம் என்றாள். சீனி வருத்தக்காரி சாப்பிடாமல் மாத்திரை போட முடியாது, போடாமலும் இருக்க முடியாது. கை நடுங்க ஆரம்பித்தது. சீனி போட்ட தேத்தண்ணியை வாயைத் திறந்து ஊற்றினால் அப்படியே வழிய விட்டாள். “பெத்த புள்ளைய மண்ணுக்குள்ள வச்சிட்டு எனக்கு என்னத்துக்கு தேத்தண்ணி?” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கத்தினேன். கத்தினால் மட்டும் நம்பிவிடுவாளா? குழாயடியில் தம்பி பொண்டாட்டி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். “மதினி, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்” என்றாள்.  அடிக்கலாமா, கட்டிப்பிடித்து அழலாமா என்று எனக்கே தெரியவில்லை. “நீயுமா புள்ள?” என்று மட்டும் கேட்டேன்.

தம்பியின் போன் மழையில் நனைந்து செத்துக் கிடந்தது. குழி முதலாளியின் நம்பருக்கு அடித்து அடித்து ஒருவழியாக அவனைப் பிடித்தேன். “அம்மாகூட பேசுடா, நல்லா சத்தமா பேசு” என்றேன். அவனுக்கோ தண்ணீரிலேயே நின்று நின்று தொண்டை கட்டியிருந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு குரலில், “அம்மா, நான்தான்மா” என்றான். அம்மா போனைக் காதில் வைத்து முழுதும் கேட்டாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “யாரு பெத்த புள்ளையோ தம்பி, நீ நல்லா இரு. ஒனக்கு இந்த பாவம் வேணாம்” என்று சொல்லிப் போனை என் பக்கம் நீட்டினாள்.

அந்தப் பக்கத்தில் அவன், “அம்மா, அம்மா” என்று கத்திக்கொண்டே இருந்தான். தம்பி பொண்டாட்டி போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவளுக்காவது அது போதுமாக இருந்தது.

வேறு வழியில்லை, ஆளையே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முதலாளி இப்போது விடமாட்டான், குழியில் தண்ணீர் இறைக்க ஆள் போதாது என்று தம்பி சொன்னதால், நானே பஸ் ஏறினேன். அவிசாவளையில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, பிறகு வயல் வரப்பில் சேற்றுக்குள் நடந்து போனேன். ஓலைக் கொட்டகைக்குக் கீழே ஒரு சதுரக் குழி. மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. முதலாளி சிங்கள ஆள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்றதும், “ஏன், யாராவது மோசமா?” என்று கேட்டார். என்னவென்று சொல்வது? இவன் உயிரோடு இருப்பதைக் காட்டுவதற்குக் கொண்டுபோகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குழிக்குள் குரல் கொடுத்தார்.

களிமண் பூசிய மாதிரி ஏறி வந்தான் தம்பி. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான். “நான் சாகலன்னு சொல்லவா அக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

“நான் செத்தா அம்மா எப்படி இருப்பாங்கன்னு இப்ப தெரிஞ்சு போச்சு அக்கா” என்றான். “இத தெரிஞ்சுகிட்டு நான் எப்படி திரும்ப அந்த குழிக்குள்ள எறங்குறது?”

 இறங்காமல் இருக்க வேறு வேலை அவனுக்கு இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா அசையாமல் கிடந்தாள். தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தான். அம்மாவின் விரல்கள் அவன் மயிருக்குள் போயின. சின்ன வயதில் கல் பட்டுப் பிளந்த தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தன. அவன் தலையை இழுத்து முகர்ந்தாள். சேற்று வாசம், பீடி வாசம், வேர்வை வாசம். பிறகுதான் அழுதாள். அடி வயிற்றிலிருந்து வந்த அழுகை, லயமே வாசலில் கூடிவிட்டது. “பாவி, பாவி” என்று சொல்லிக்கொண்டே அவன் முதுகில் அடித்தாள். தம்பியும் அழுதான். நானும் அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அழுது ஓய்ந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எனக்குத்தான்” என்றாள்.

“என்னது ஒங்களுக்கு?”

“வந்தது எனக்குத்தான். வாசம் சும்மா வராது.”

“அம்மா, எத்தன தடவ சொல்றது? அது எண்ணெ! வெறும் எண்ணெ!”

“சும்மா இருடி. எம் மகனுக்கு இல்லல்ல? அது போதும் எனக்கு.” முகம் அப்படியே தெளிந்துவிட்டது. “ஏ புள்ள, என்ன கொழம்பு?” என்று மருமகளைக் கேட்டாள். நெத்தலிக் கருவாடு என்றதும் சோறு கொண்டுவரச் சொல்லி, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதேன். மகன் சாகவில்லை என்று சந்தோஷப்பட்ட அதே வாயால், தன் சாவையும் அவள் ஒரு பிடி சோறு மாதிரி விழுங்கிவிட்டாளே என்று ஆத்திரமாக இருந்தது.

அந்த மழை விடுவதற்குள் அம்மா போய்விட்டாள். காலில் வந்த ஒரு சின்னப் புண், சீனி அதை ஆற விடவில்லை. டாக்டர் அப்படித்தான் சொன்னார், அதுதான் உண்மை. லயத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மகள் கையிலேயே வந்ததாம், கிழவிதான் முதலில் கண்டுபிடித்தாளாம். எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். சண்டையும் போட்டேன். இப்போது விட்டுவிட்டேன்.

ஆனால் தம்பி வந்து சேர்ந்த அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த ஒன்று இருக்கிறது, அதை நான் லயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

“வெள்ளக்காரனுக்கு தேக்கிறேன்னு சொன்னியே, நெசமா?”

“நெசந்தான்.”

“துணியில்லாமலா படுப்பான்?”

“துண்டு கட்டியிருப்பாங்கம்மா.”

கொஞ்சம் சிரித்தாள். “எனக்கும் தேச்சு விடு. செத்தப்புறம் ஆளாளுக்கு வந்து தலையில எண்ணெ வைப்பாங்க. அப்ப எனக்கு என்ன தெரியப்போவுது?”

இந்த எண்ணெய் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அதுதான் வேண்டும் என்றாள். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, அதில் சில சொட்டு மட்டும் விட்டு, அவளைப் பாயில் குப்புறப் படுக்க வைத்தேன். எத்தனையோ உடம்பு தொட்டிருக்கிறேன். பெற்ற தாயின் உடம்பை அன்றைக்குத்தான் தொட்டேன். உச்சந்தலையில், கொழுந்துக் கூடையின் கயிறு கிடந்து கிடந்து, விரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம். கழுத்து நரம்பு இரண்டும் காய்ந்த கொடி மாதிரி இறுகி இருந்தன. தோளில் கட்டை விரலை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கவே இல்லை. மெதுவாக, சொல்லித் தந்த மாதிரி, கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கைக்கு வழித்துக்கொண்டே இருந்தேன். அறை முழுக்க அந்த வாசம். பிணத்தைக் குளிப்பாட்டுகிற மாதிரித்தான் இருந்தது எனக்கு. கை நிற்கவில்லை, கண்ணும் நிற்கவில்லை.

ஒரு இடத்தில் அம்மா நீளமாக மூச்சை விட்டாள். இறுகிக் கிடந்த தோள் என் கைக்குக் கீழே இளகியது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பாயில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஒங்க அப்பன் தோளும் இப்படித்தான் கல்லு மாதிரி இருக்கும். வலிக்குதுன்னு சொல்லிகிட்டே படுப்பாரு. நான் ஒரு நாளும் தொட்டு பாக்கல.”

“திரும்பி படுங்கம்மா, மத்த கை இருக்கு” என்றேன்.